கண்மாய் டேட்டா லாகர்: பதிவுகளைச் சேமிக்கவும் அனுப்பவும் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். மேலூர் அருகே ஒரு கண்மாயின் மடையை ஒட்டி, நீர்மட்டத்தையும் மழையளவையும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவுசெய்யும் சிறிய டேட்டா லாகர் ஒன்றைச் சோலார் பேனலுடன் நிறுவியிருக்கிறோம். நாளொன்றுக்கு 96 பதிவுகள். ஒவ்வொன்றும் 32 பைட் என்று கொண்டாலும் ஆண்டுக்கு ஒரு எம்பியைச் சற்றே தாண்டும் என்பதால், எஸ்டி கார்டில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

சிக்கல் மின்சாரத்தில்தான். ஐப்பசி மழையில் நாள்கணக்கில் மேகம் மூடியிருக்கும்போது பேட்டரி இறங்கி, கோப்பில் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே லாகர் நின்றுவிட்டால், எந்தக் கோப்பு கார்டில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட்32 அட்டவணை சிதைந்து, கடைசிப் பதிவு மட்டுமல்லாமல் முழுக் கோப்பும் திறக்க மறுக்கிறது. கண்மாய் பெருகும் அந்த நாட்களின் கணக்கைத்தான் ஊரார் கேட்கிறார்கள். சித்திரை வெயிலில் லாகர் பழுதின்றி ஓடி யாருக்கு என்ன பயன்?

பதிவுகளை முதலில், மின்சாரம் போனாலும் தரவு அழியாத எஃப்ரேம் நினைவகச் சிப்பில் எழுதிவைத்து, பேட்டரி மின்னழுத்தம் போதுமான அளவில் இருக்கும்போது மட்டும் நாள்வாரிக் கோப்புகளாகக் கார்டுக்கு மாற்றலாம் என எண்ணுகிறேன். மாற்றும்போதே மின்சாரம் போனால், எதுவரை மாற்றப்பட்டது என்பதை நீங்கள் எவ்வாறு குறித்துவைக்கிறீர்கள்?

கரையில் செல்பேசி சிக்னல் நிலையாக இல்லாததால், 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான, தனி உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவுக்குச் சிறு தரவை அனுப்பும் ரேடியோ முறை) வழியாக ஊருக்குள் ஒரு மொட்டைமாடிக்குத் தரவை அனுப்ப விரும்புகிறோம். ஒவ்வொரு பதிவுக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை எதிர்பார்த்தால் பேட்டரி தாங்காது. பல பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து, வரிசை எண்ணிட்டு அனுப்பி, விடுபட்டவற்றை மட்டும் மறுபடி கேட்டுப் பெறும் முறையைச் செயல்படுத்தியவர்கள் தங்கள் நிரலைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.