ரீல்ஸுக்கு வியூஸ் வருது, புக்கிங் வரலை: தம்பதியர் கோச்சிங்குக்கு ஆள் வர என்ன செய்யலாம்?

கயல்_கோவை

வணக்கம். கல்யாணமாகி முதல் அஞ்சு வருஷத்துல இருக்கிற தம்பதிகளுக்குக் கோச்சிங் தர்றேன். கோவையில நேர்ல, வெளியூர்னா ஜூம்ல. ஒரு செஷன் 60 நிமிஷம், ₹1,500. ஆறு செஷன் சேர்த்து ₹7,500. இன்ஸ்டாகிராம்ல வாரம் நாலு ரீல்ஸ் போடறேன். வியூஸ் சில சமயம் பத்தாயிரத்தைத் தாண்டுது, ஆனா லைக்கும் கமெண்ட்டும் ரொம்பக் கம்மி. பணம் கட்டி வர்றது மாசத்துக்கு ஒண்ணு, ரெண்டு பேர்தான். பூஸ்ட் பண்ணினா, அதாவது பணம் கட்டி ரீலைப் பரப்பினா, வெறும் "ஹாய்" மெசேஜா குவியுது. ஓட்டை எங்க இருக்கு?

நெசவுக்காரன்

லைக் கம்மின்னு கவலைப்படாதீங்க, இந்தத் தொழில்ல அப்படித்தான் இருக்கும். புருஷன் பொண்டாட்டி சண்டை பத்தின ரீலுக்கு லைக் போட்டா நாத்தனார் கண்ணுல படும். 2025-ல இருந்து இன்ஸ்டாகிராமே நாம லைக் பண்ற ரீல்ஸை நண்பர்களுக்குத் தனி டேப்ல காட்டுது. அதனால உங்ககிட்ட வரப்போறவங்க சத்தமில்லாம பார்க்கிறவங்க. இன்சைட்ஸ்ல (இன்ஸ்டாகிராம் தர்ற புள்ளிவிவரப் பக்கம்) சேவும் ஷேரும் பாருங்க. சேவ் பண்ணினா வெளியே யாருக்கும் தெரியாது. டிஎம்ல அனுப்பினா அனேகமா அந்த ரீல் நேரா புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோதான் போகுது. அதிகமா அனுப்பப்பட்ட ரீல் எதுவோ, அந்த விஷயத்தையே இன்னும் நாலு கோணத்துல எடுங்க. வியூஸ் வந்த ரீலைப் பின்தொடர்ந்து ஓடாதீங்க.

விஷயத்தைச் சுருக்குங்க. "நல்ல உறவுக்கு அஞ்சு வழிகள்"னு போட்டா எல்லாரும் பார்ப்பாங்க, யாரும் வரமாட்டாங்க. "சம்பளத்தை அம்மா கையில குடுக்கிறார், எப்படிப் பேசறது?", "தனிக்குடித்தனம்னு வாயெடுத்தாலே சண்டை", "தீபாவளிக்கு யார் வீட்டுக்கு?" இப்படி இருக்கணும். முதல் வரியே வீட்டுக்குள்ள பேசற வாக்கியமா இருக்கட்டும், "வணக்கம் நான் உங்கள்..."னு ஆரம்பிச்சா அங்கேயே தள்ளிட்டுப் போயிடுவாங்க. நீளம் 30-லிருந்து 45 வினாடி. பக்கத்துல ஆள் இருக்கும்போது சத்தத்தை அணைச்சுட்டுப் பார்க்கிறவங்க நிறைய, அதனால பேச்சு முழுக்க எழுத்தா திரையில வரணும். எழுத்தை நடுவுல வைங்க, அடியில வெச்சா கேப்ஷன் மறைச்சிடும். இன்னிக்கு ராத்திரியே செஞ்சு பார்க்கிற மாதிரி ஒரே ஒரு விஷயம் சொல்லி முடிங்க.

வாரம் நாலு ரீலுக்குப் பதிலா ரெண்டு ரீல், ஒரு கரோசல் (பல படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற போஸ்ட்). கரோசல்தான் சேவ் ஆகும். இடது பக்கம் "இப்படிக் கேட்டா சண்டை", வலது பக்கம் அதே விஷயத்தை வேற மாதிரி கேட்கிற வாக்கியம். 20 ஸ்லைடு வரைக்கும் போடலாம்தான், ஆறேழு போதும். முதல் ஸ்லைடைத் தள்ளாம போனவங்களுக்கு இன்ஸ்டாகிராம் பல சமயம் ரெண்டாவது ஸ்லைடைக் காட்டும், அதனால அதுவும் தனியா நிக்கணும்.

பயோவுல 150 எழுத்துதான். யாருக்கு, எந்தப் பிரச்சினைக்கு, கோவையா ஆன்லைனா, கட்டணம் எங்கேர்ந்து தொடங்குது, அவ்வளவுதான். பொன்மொழி வேண்டாம். பெயர் போடற கட்டம் தேடலுக்கு உதவும், அங்க உங்க பேரோட "தம்பதியர் ஆலோசனை கோவை"ன்னு சேருங்க. 2025 ஜூலையிலிருந்து பொதுவா இருக்கிற தொழில்முறைக் கணக்குகளோட போஸ்ட் கூகுள் தேடல்லயும் வர முடியும், அதனால கேப்ஷனோட முதல் வரியில ஜனங்க தேடற வார்த்தையே இருக்கட்டும்.

உள்ளங்கை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் ஓட்டை ரீலில் மட்டும் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதிலும் இருக்கிறது. டிஎம்மில் ஒருவர் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் இறங்கிவிடும், செஷனுக்கு வரமாட்டார். டிஎம்மில் ஆலோசனை சொல்லாதீர்கள். இரண்டு வரியில் பதில், உடனே வாட்ஸ்அப்புக்கு மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்கள் 50 வரை சேமிக்கலாம், உங்களுக்கு நான்கு போதும். முதலாவதில் மூன்று கேள்விகள்: எந்த நேரத்தில் மெசேஜ் அனுப்பினால் தொந்தரவில்லை, இருவரும் வருவீர்களா ஒருவரா, இப்போது உடனடியாக எதைச் சரிசெய்ய வேண்டும். அந்த முதல் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே போனை இருவர் பார்க்கும் வீடு நிறைய. அதே காரணத்தால் கணக்கின் பெயரும் யூபிஐயில் தெரியும் பெயரும் சாதாரணமாக இருக்கட்டும். "விவாகரத்துத் தடுப்பு மையம்" என்று பேங்க் ஸ்டேட்மென்டில் வந்தால் அடுத்த சண்டை அதைப் பற்றித்தான் இருக்கும். இரண்டாவது பதிலில் கட்டணமும் நேரமும். மூன்றாவதில் 15 நிமிட இலவச அழைப்புக்கான நேரங்கள். அது தீர்வு சொல்லும் அழைப்பு அல்ல, உங்களால் உதவ முடியுமா என்று பார்க்கும் அழைப்பு. நான்காவது, உங்களிடம் வரக் கூடாதவர்களுக்கு. அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181. தற்கொலை எண்ணம், கடும் மனச்சோர்வு என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. கோச்சிங் அங்கே பயன்படாது. அடிக்கிறவரையும் அடி வாங்குகிறவரையும் ஒன்றாக உட்காரவைப்பது ஆபத்தும்கூட. இந்த எண்களை ஹைலைட்டிலும் வைத்துவிடுங்கள்.

"கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று ஒரு போஸ்டில்கூடப் போடாதீர்கள். அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச் என்றால் கோச்.

வாடிக்கையாளர் பாராட்டு ஸ்கிரீன்ஷாட்டுகள் துணிக்கடைக்குச் சரி, இதற்குச் சரிப்படாது. பெயரை மறைத்தாலும் "பீளமேட்டில் ஐடி வேலை, ரெட்டைப் பிள்ளைகள்" என்ற அளவிலேயே சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பார்க்கிறவரோ, நாளைக்குத் தன் மெசேஜும் இங்கே வருமோ என்று பின்வாங்குவார். அதைவிட மோசம், செஷனில் கேட்டதை அடுத்த வாரமே ரீலாக்குவது. வருகிறவர்கள் உங்களைத் தொடர்ந்து பார்க்கிறார்கள், தங்கள் கதை எது என்று அவர்களுக்கு உடனே தெரியும். பாராட்டுக்குப் பதிலாக முதல் செஷன் எப்படி நடக்கும் என்று காட்டுங்கள்: யார் முதலில் பேசுவார், குறிப்பு எங்கே இருக்கும், ஒருவர் தனியாகச் சொன்னதை மற்றவரிடம் சொல்வீர்களா. கோவைக்காரர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இதைத்தான்.

பவானி_ஆற்றோரம்

விளம்பரம் பத்தி மட்டும் சொல்றேன். பூஸ்ட் பட்டனை விடுங்க. ஐபோன் ஆப்புக்குள்ள பூஸ்ட் பண்ணி அங்கேயே பணம் கட்டினா ஆப்பிள் 30% சேவைக் கட்டணம் வேற சேரும். பிரவுசர்ல ஆட்ஸ் மேனேஜர் (இன்ஸ்டாகிராமோட தாய் நிறுவனம் மெட்டாவோட விளம்பரப் பக்கம்) திறந்து, வாட்ஸ்அப்புக்குப் போற விளம்பரம் போடுங்க. நெசவுக்காரன் சொன்ன மாதிரி, ஏற்கெனவே அதிகமா அனுப்பப்பட்ட ரீலையே எடுத்துக்கோங்க.

"ஹாய்" குவியறதுக்குக் காரணம், மெட்டா எண்ணறது உரையாடலை, பணம் கட்டறவங்களை இல்ல. யார் சும்மா மெசேஜ் தட்டுவாங்களோ அவங்களைத் தேடிக் கொடுக்கும். மருந்து ரெண்டு. விளம்பரத்துலயே "₹1,500-லிருந்து"ன்னு போடுங்க, மெசேஜ் பாதியாக் குறைஞ்சாலும் நல்லதுதான். ரெண்டாவது, மொத்த பட்ஜெட் முறையில (எல்லா நாளுக்கும் சேர்த்து ஒரே தொகை) விளம்பரம் ஓடற நேரத்தைக் கட்டுப்படுத்தலாம். காலை 10-லிருந்து மாலை 6 வரைக்கும் வைங்க, நடுராத்திரி வர்ற ஆம்பளைங்க தொல்லை பெரும்பாலும் போயிடும்.

வாசகத்துல கவனம். "நீங்க டிப்ரஷன்ல இருக்கீங்களா?"ன்னு பார்க்கிறவரோட மனநிலையைச் சுட்டினா மெட்டா நிராகரிச்சிடும். உங்க சேவை என்னன்னு சொல்லுங்க, அவங்க நிலைமையைச் சொல்லாதீங்க. காதல் ஜோடிப் படம் போட்டு "உங்கள் துணை"ன்னு எழுதினா டேட்டிங் விளம்பரம்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்கு, அதுக்கு முன் அனுமதி கேட்பாங்க.

ஏழு நாளைக்கு ₹2,100, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக ₹2,478. அதுல ஒருத்தர் ஆறு செஷன் எடுத்தாலே கணக்கு நிக்கும், ஒத்தை செஷனுக்கு ஒருத்தர் வந்தா நஷ்டம். எத்தனை மெசேஜ், எத்தனை அழைப்பு, எத்தனை பேர் கட்டினாங்கன்னு வாட்ஸ்அப் லேபிள்ல குறிச்சு வைங்க, எந்த இடத்துல ஒழுகுதுன்னு அதுலயே தெரியும்.

கயல்_கோவை

ரொம்ப நன்றி. கட்டணத்தை வெளிப்படையா போட்டா ரேட் கேட்டே ஓடிடுவாங்களோன்னு பயம். அப்புறம், கமெண்ட்ல "பொண்ணுங்களாலதான் எல்லாம்"னு சண்டை ஆரம்பிக்குது. அழிக்கலாமா?

நெசவுக்காரன்

கட்டண விஷயத்துல நான் கொஞ்சம் மாறுபடறேன். விளம்பரத்துலயும் பயோவுலயும் போடுங்க, ரீலுக்குள்ள வேண்டாம். ரீலை அனுப்பறவர் துணைக்கு அனுப்பறார், விலை தெரிஞ்சா அது விளம்பரமாயிடும், அனுப்பமாட்டார்.

கமெண்ட் சண்டையை அழிங்க, தயங்க வேண்டாம். ரீச் கூடுது உண்மைதான், ஆனா அதைப் பார்க்கிற பொண்ணு டிஎம் பண்ணமாட்டா. செட்டிங்ஸ்ல மறைக்க வேண்டிய வார்த்தைகள் பட்டியல் இருக்கு. வசவு வார்த்தைகளைத் தமிழ் எழுத்துலயும் ஆங்கில எழுத்துல தமிழா எழுதற விதத்துலயும் ரெண்டு தடவை சேருங்க, இல்லேன்னா பாதி நழுவிடும்.