உதவி: ஸ்னோஃப்ளேக் ஈல் தீனி எடுக்கல, ராத்திரி மூடியை முட்டுது

பாளைத்தொட்டி:
வணக்கம். கடல் தண்ணித் தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒண்ணரை அடி. பாறை, மணல் போக தண்ணி சுமார் 200 லிட்டர் நிக்கும். கீழே ஸ்டாண்டுக்குள்ள சம்ப் (தண்ணி இறங்கிச் சுத்தமாகுற துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாப் பிரிக்கிற கருவி). ஜோவாந்தஸ், லெதர், ஹேமர்னு மூணு வகை கோரல் (பவளம்). மீன்ல ஒரு ஜோடி க்ளவுன், ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ். புதுசா விட்டது ஒரு ஸ்னோஃப்ளேக் ஈல் (பாம்பு மாதிரி நீளமான மொரே ஈல் மீன்), ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல.

வந்த புதுசுல இறாலை நல்லா எடுத்துச்சு. இப்போ மோந்து பாத்துட்டுத் திரும்பிருது. பகல்ல பாறைக்குள்ள இருந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. லைட் அணைஞ்சா மேல வந்து மூடியை மூக்கால முட்டுது, மூக்கு நுனி லேசா வெளுத்திருக்கு. ஈல் வெளிய பாயும்னு சொன்னதால, ஓடிட்டிருந்த ஃபேனை எடுத்துட்டு 5 மி.மீ. கண்ணாடியால முழுசா மூடியாச்சு.

அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 25, உப்பு 35. பி.எச். காலையில 7.8. வெப்பம் காலையில 29, சாயங்காலம் 31.5. கடையில கேட்டா தோல் நோய், காப்பர் மருந்து ஊத்துங்கன்னு சொல்லுதாங்க. ஊத்தலாமா?

தென்காசி ரீஃப்:
காப்பர் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீங்க. ஈலுக்குச் செதில் கிடையாது, மருந்து நேரா தோல்ல ஏறும். அதைவிட, உங்க கோரல், நத்தை எல்லாம் மொத்தமாப் போயிரும். பாறை காப்பரை உறிஞ்சி வெச்சுக்கிட்டு மெல்ல மெல்ல விடும், அந்தத் தொட்டி பிறகு ரீஃபுக்கு, அதாவது கோரல் வளர்க்க, ஆகாது. மூக்கு வெளுத்தது கண்ணாடியில உரசினதால. முட்டுறது நின்னா அதுவா ஆறிரும்.

வாய் திறந்து மூடுறது நோய் இல்ல. மொரே ஈலுக்கு செவுள் மூடி இல்ல, தலைக்குப் பின்னால சின்ன ஓட்டைதான். வாயால தண்ணியை இழுத்துத் தள்ளினாத்தான் மூச்சு. நிதானமா நடந்தா சரி. வேகமா நடந்து, அதோட மேல் தண்ணிக்கும் வந்தா காத்து பத்தலன்னு அர்த்தம்.

உங்க கணக்கைப் பாருங்க. கடல் தண்ணி 25 டிகிரியில லிட்டருக்கு 6.7 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும், 30-ல 6.2தான். அதே சூட்டுல மீனுக்குத் தேவை கூடும். மேல கண்ணாடி, கீழ கதவு சாத்தின ஸ்டாண்ட். கார்பன் டை ஆக்சைடு வெளிய போக வழியில்ல, அதான் காலையில 7.8. ஃபேனை எடுத்ததும் மூடியைப் போட்டதும் ஒரே நாள்ல நடந்திருக்கு. உங்க ரெண்டு தொல்லையும் அங்கதான் ஆரம்பம்.

சோதிக்க எளிய வழி: இன்னைக்கு ராத்திரி சம்ப்புல ஒரு ஏர் ஸ்டோன் (காத்துக் குமிழி விடுற கல்) போட்டு, ஸ்டாண்ட் கதவைத் திறந்து வைங்க. சம்ப்புல இருந்து தண்ணி திரும்புற ரிட்டர்ன் குழாய் வாயை மேல் தண்ணி நல்லா கலங்குற மாதிரித் திருப்புங்க. முட்டுறது குறைஞ்சா காரணம் இதுதான். குறையலன்னா ஈல் உடம்பைக் கிட்ட இருந்து படம் எடுத்துப் போடுங்க.

ஏரல்காரன்:
உயிர் மீன் போட்டுப் பாருங்க. ஆத்துல கெண்டைக் குஞ்சு சும்மா கிடைக்கும், துள்ளுறதைப் பாத்தா பிடிச்சிரும்.

முத்துநகர்:
கெண்டை வேண்டாம். அதுல தயமினேஸ் இருக்கு, வைட்டமின் பி1-ஐ அழிக்கும். நம்ம ஊர் சாளை, நெத்திலியிலயும் அதே சிக்கல். மாசக்கணக்குல அதையே போட்டா வலிப்பு வந்த மாதிரி சுழலும். ஸ்னோஃப்ளேக்கோட பல்லும் மீன் பிடிக்கிற பல் இல்ல, ஓட்டை நொறுக்குற மழுங்கின பல். நண்டு, இறால்தான் அதோட சாப்பாடு. உயிர் மீனுக்குப் பழக்கினா நாளைக்கு க்ளவுன் மேல கண் வைக்கும்.

இப்போ மூடி. ஃபேனுக்குத் திறந்த தொட்டி வேணும், ஈலுக்கு மூடின தொட்டி வேணும். ரெண்டுக்கும் ஒத்துப்போறது வலை மூடிதான்.

ஜன்னல் கொசுவலை அடிக்கிற கடையில அலுமினிய ஃப்ரேமும் ரப்பர் பீடிங்கும் வெட்டி வாங்குங்க. வலை மட்டும் அவங்க குடுக்கிறது வேண்டாம். அலுமினிய வலை உப்புல பொரிஞ்சிரும், கறுப்பு ஃபைபர் வலை லைட்டை மறைக்கும். 6 மி.மீ. கண்ணுள்ள நிறமில்லாத நைலான் வலை போடுங்க. ஃப்ரேமை நீளவாக்குல ரெண்டாப் பிரிச்சா தீனி போடும்போது பாதியைத் திறந்தாப் போதும். வலையை வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டணும், தொளதொளன்னு இருந்தா ஓரத்துல இடைவெளி விழும்.

ஈல் வெளிய வர்றது நடுவுல இருந்து இல்ல, மூலையில இருந்து. ரிட்டர்ன் குழாய், வயர் போற இடத்துல அக்ரிலிக் துண்டை அளவா வெட்டி அடைச்சு, மிச்சத்துக்கு ஸ்பாஞ்ச் திணிங்க. விதி ஒண்ணுதான்: அதோட தலை நுழையுற இடத்துல உடம்பும் நுழையும். ஃப்ரேமை நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்க, வெறும் எடையை நம்பாதீங்க, தூக்கிரும். தண்ணி சம்ப்புக்கு வழியுற ஓவர்ஃப்ளோ பல்லுக்கும் வலை கட்டணும், இல்லன்னா சம்ப்புல தேட வேண்டி வரும். அலை உண்டாக்குற வேவ்மேக்கர் வாயிலயும் அப்படித்தான்.

எப்பவாவது தரையில கிடந்தா, காய்ஞ்சு போச்சேன்னு குப்பையில போட்டுராதீங்க. வழுவழுப்பு இருக்கிற வரைக்கும் உயிர் இருக்கலாம். ஈரக் கையால எடுத்து ஓட்டமுள்ள தண்ணியில விட்டுப் பாருங்க.

பாளைத்தொட்டி:
ஏர் ஸ்டோன் போட்டு, கதவைத் திறந்து வெச்சாச்சு. ராத்திரி ஒரு தடவை மேல வந்துட்டுப் போயிருச்சு, முட்டல. ரொம்ப நன்றி அண்ணாச்சி. வலை போட்டு ஃபேன் வெச்சா எத்தனை டிகிரி இறங்கும்? சில்லர் (தண்ணியைக் குளிர வைக்கிற மெஷின்) வாங்கணுமா? வீட்டு ஆர்.ஓ. தண்ணி ஊத்தலாமா?

தென்காசி ரீஃப்:
120 மி.மீ. ஃபேன் ரெண்டு, வலைக்கு மேல சாய்வா, தண்ணிப் பரப்பை உரசிக்கிட்டுக் காத்து போற மாதிரி. ஃபேனை இயக்குற டெம்பரேச்சர் கன்ட்ரோலர்ல 27 வைங்க. ஒரு லிட்டர் ஆவியாப் போனா உங்க 200 லிட்டர்ல கிட்டத்தட்ட 3 டிகிரிக்கு உண்டான சூட்டைக் கொண்டு போகும். ரூம்ல இருந்து சூடு திரும்ப ஏறிக்கிட்டே இருக்கிறதால நிகரமா 2, 3 டிகிரி இறங்கும். பாளை வெயில் வறண்ட வெயில், அங்க ஃபேன் நல்லா வேலை செய்யும். திருச்செந்தூர், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல காத்தே ஈரம், அங்க இதே ஃபேன் பாதிதான் பலன் தரும். இங்க தென்காசியில சாரல் சமயத்துலயும் அப்படித்தான், ஆனா அப்போ தேவையும் இருக்காது.

28-க்கு மேலயே நின்னாத்தான் சில்லர். வாங்கினா ஸ்டாண்டுக்குள்ள வைக்காதீங்க, அதோட சூட்டை அதுவே திரும்ப இழுக்கும்.

ஃபேன் போட்டா தண்ணி குறையும். 5 லிட்டர் போச்சுன்னா உப்பு 35-ல இருந்து 36 கிட்ட ஏறும். போறது தண்ணி மட்டும்தான், அதனால உப்புத் தண்ணியை ஊத்திராதீங்க. குறையுற தண்ணியைத் தானா ஊத்துற ஆட்டோ டாப் ஆஃப் மாட்டிருங்க. வீட்டு ஆர்.ஓ.வுல ருசிக்காக டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற உப்பு அளவு) கூட்டுற திருகு இருக்கும், அதை முழுசா மூடி, கடைசியில மிச்ச உப்பையும் எடுக்கிற டி.ஐ. ரெசின் பாத்திரம் ஒண்ணு சேருங்க. மீட்டர் 0 காட்டணும். போர் தண்ணியை நேரா ஊத்தினா பாசிதான் வளரும்.

முத்துநகர்:
தீனி: 28-க்குக் கீழ வந்த பிறகு முயற்சி பண்ணுங்க, அது வரைக்கும் திணிக்காதீங்க. ஈல் சில வாரம் பட்டினி தாங்கும், தொட்டியில அழுகுற இறாலைத்தான் கோரல் தாங்காது.

கணவாயில ஆரம்பிங்க, வாசம் தூக்கும். விரல் நகம் அளவுத் துண்டு, நுனி மழுங்கின அக்ரிலிக் குச்சியில சொருகி, லைட் அணைஞ்சு அரை மணி கழிச்சு, பம்பை நிறுத்திட்டு மூக்குக்கு முன்னால ஆட்டுங்க. அதுக்குக் கண் மட்டு, மோப்பம்தான் எல்லாம். கையால குடுக்காதீங்க, விரலுக்கும் கணவாய்க்கும் வித்தியாசம் தெரியாது. கால் மணிக்குள்ள எடுக்கலன்னா வெளிய எடுத்துருங்க. எடுக்க ஆரம்பிச்சா கணவாய், ஓட்டோட இறால், நண்டுன்னு மாத்தி மாத்தி வாரம் ரெண்டு தடவை. பி1 மாத்திரையைப் பொடிச்சு ஒரு சிட்டிகை தடவிக் குடுங்க. ஸ்கிம்மர் கப்பை அடிக்கடி கழுவுங்க, நைட்ரேட் 25 இப்பவே கொஞ்சம் கூடுதல்.

இன்னொண்ணு: பாறை மணல் மேலயா, அடிக் கண்ணாடி மேலயா? மணல் மேல இருந்தா ஈல் தோண்டி அடியில போகும், பாறை சரிஞ்சு அது நசுங்கும். ஒண்ணரை இஞ்ச் பி.வி.சி. குழாய் ஒண்ணைப் பாறைக்குள்ள மறைச்சு வெச்சா அதுவே வீடாக்கிக்கும்.

பாளைத்தொட்டி:
பாறை அடிக் கண்ணாடி மேலதான். கடைசியா ஒண்ணு. வலையில மாட்டுற அஞ்சாலை (நம்ம கடல் மொரே ஈல்) குட்டி ஒண்ணு தர்றேன்னு கடற்கரையில ஒருத்தர் சொல்லுதாரு, கூட கொஞ்சம் உயிர்ப் பாறையும் (கடல்ல இருந்து எடுத்த, உயிர்கள் ஒட்டின பாறை). சேக்கலாமா?

முத்துநகர்:
அஞ்சாலை வேண்டாம். நம்ம கடல்ல மாட்டுறதுல பெரிய இனம் நிறைய, ஆள் உயரத்துக்கு வளரும். பல்லும் மீன் பிடிக்கிற கூர்ப்பல், ஸ்னோஃப்ளேக்கையே கடிச்சிரும். கல் கோரல் 1972 வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு. மன்னார் வளைகுடாவுல இருந்து எடுத்த பாறையில ஒரு துண்டு ஒட்டியிருந்தாலும் வழக்குதான். காய்ஞ்ச செராமிக் பாறை வாங்கி ஊற வைங்க.

தென்காசி ரீஃப்:
கரண்ட் போனா ஃபேனும் ரிட்டர்னும் சேந்து நிக்கும், அதை மறந்துராதீங்க. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கையில இருக்கட்டும். இன்வெர்ட்டர் இருந்தா வேவ்மேக்கரையும் ஃபேனையும் மட்டும் அதுல மாட்டுங்க, ஹீட்டரையும் லைட்டையும் விட்டுருங்க.