எழுத்துப் பழக்கம் அறுபடாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி:
வணக்கம். சில ஆண்டுகளாகச் சிறுகதை எழுதி வருகிறேன். தொடங்கும்போது இருக்கும் உற்சாகம் இரண்டு மூன்று வாரங்களில் வடிந்துவிடுகிறது. பணியோ உடல்நலமோ குறுக்கிட்டு ஒரு நாள் எழுதாமல் போனால், அந்த ஒரு நாள் ஒரு மாதமாக நீண்டுவிடுகிறது. எழுதியதைக் காட்டினால் நண்பர்கள் "நன்றாக இருக்கிறது" என்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆயினும் அந்தச் சொல்லைக் கொண்டு அடுத்த பக்கத்தை எழுத முடிவதில்லை. எழுத்தின்மீது உள்ள பற்று குறையாமல் இதைத் தொடர்வது எப்படி என்று நெடுநாள் எழுதிவருபவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1:
விட்டுப்போன நாளுக்காக வருந்துவதை முதலில் நிறுத்துங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பான பழக்கமாகப் படிவதற்குச் சுமார் 66 நாள்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாள்களிலிருந்து 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதுவும் உண்பது, பருகுவது, உடற்பயிற்சி செய்வது போன்ற செயல்களுக்கான கணக்கு. கதை எழுதுவது அவற்றைவிடக் கடினமானது என்பதால், மூன்று வாரத்தில் படியவில்லையே என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்வதில் நியாயமில்லை.

ஒவ்வொரு நாளும் எழுத்தை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்திருக்கும் இடத்திலேயே நிறுத்திவிடுவதாக அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1958-இல் வெளியான நேர்காணல் ஒன்றில் கூறியிருக்கிறார். சொல்ல வந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு எழுந்தால், மறுநாள் வெற்றுத் தாள்தான் எதிரில் இருக்கும். நீண்ட இடைவெளிகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன என்பது என் கணிப்பு.

பதில் 2:
நண்பர்களைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என் மனத்தில் நின்றது. பாராட்டு வேறு, ஊக்கம் வேறு. நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990-களில் வகுத்த கருத்துரைக்கும் முறையில், படைப்பைக் கண்டவர்கள் தங்களை அது எங்கே தொட்டது என்பதை முதலில் சொல்வார்கள். அடுத்துப் படைத்தவர் தம் ஐயங்களைக் கேட்பார். பிறகு பார்த்தவர்கள், தீர்ப்பு எதுவும் கலவாத கேள்விகளை எழுப்புவார்கள். கருத்து சொல்வது இறுதியில்தான், அதுவும் படைத்தவர் இசைந்தால் மட்டுமே. எழுத்துக்கும் இது மிகவும் பொருந்துகிறது. ஆகவே "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். எந்தப் பத்தியில் வாசிப்பு தடைப்பட்டது, யாருடைய பேச்சு மறுநாளும் நினைவில் இருந்தது என்று கேளுங்கள். "அந்தத் தாய் கதவைத் திறக்காமல் நின்ற இடத்தில் நானும் நின்றுவிட்டேன்" என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வரி பல வாரங்களுக்கு உங்களை எழுதவைக்கும். இப்படி வாசிப்பவர் ஒருவர் இருந்தாலே போதும். அவருடைய எழுத்தையும் நீங்கள் அதே கவனத்தோடு வாசியுங்கள்.

பதில் 3:
மேலே உள்ளவற்றை ஏற்கிறேன். ஆனால் முதல் வரைவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்பேன். உளவியலாளர் தெரசா அமபிலே 1985-இல் வெளியிட்ட ஆய்வில், பணம், புகழ் போன்ற புறக்காரணங்களைச் சற்று நேரம் எண்ணிப்பார்த்த பின் எழுதியவர்களின் கவிதைகள் படைப்பூக்கம் குறைந்தவையாக மதிப்பிடப்பட்டன. வாசகர் என்ன சொல்வார் என்ற எண்ணமும் அவ்வாறே குறுக்கிடக்கூடும். கதை முழு உருவம் பெறும்வரை அது உங்களோடு மட்டும் இருக்கட்டும்; இரண்டாம் வரைவை அந்த ஒருவரிடம் கொடுங்கள்.