புதுப்பிப்பு: 6.4 மி.மீ. என்று பயந்து எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி

ஐவிஎஃப் முறையில் உருவாக்கி உறைய வைத்த கருவைக் கர்ப்பப்பைக்குள் வைப்பதற்கு முந்தைய ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 6.4 மி.மீ.தான், 7 கூட இல்லை, இந்த முறையும் போச்சா என்று போன வாரம் இங்கே புலம்பியிருந்தேன். ஆறுதல் சொன்ன அக்காக்களுக்கு நன்றி.

உட்சுவரைத் தடிக்க வைக்கும் ஈஸ்ட்ரஜன் ஹார்மோன் மாத்திரையை டாக்டர் இன்னும் ஆறு நாள் நீட்டித்தார். நேற்று வடபழனியில் மறுபடி ஸ்கேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, இருபுறமும் கறுப்புப் பட்டை, அதற்கு வெளியே இன்னும் இரண்டு வெள்ளைக் கோடுகள். இப்படி மூன்று கோடு தெரிந்தால் நல்லதாம். மிகத் தடித்த இடத்தில் ஓரத்திலிருந்து ஓரம் வரை அளந்தார். 7.6! அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். 7-க்குக் கீழே வாய்ப்பு குறைவுதான், ஆனால் அந்த அளவிலும் குழந்தை பிறந்திருக்கிறது. 10 இருந்தும் தங்காமல் போனதுண்டு. இந்த எண் மட்டும் முடிவைச் சொல்லாது, கருவின் தரமும் முட்டை எடுத்தபோது இருந்த வயதும் அதைவிட முக்கியம் என்றார். இதை முதல் ஸ்கேன் அன்றே யாராவது சொல்லியிருக்கலாம். "மெல்லிசா இருக்கு" என்ற ஒரே வரியோடு அனுப்பிவிட்டார்கள். அத்தனை நாளும் தூக்கமே இல்லை.

சரி, இன்று புரொஜெஸ்ட்ரோன் ஆரம்பம், கருவை ஏற்க உட்சுவரைத் தயாராக்கும் ஹார்மோன் அது. எங்களுடையது ஐந்தாம் நாள் கரு (லேபில் ஐந்து நாள் வளர்த்தது), அதனால் இந்த மருந்து தொடங்கிய ஆறாவது நாள் வைக்கிறார்கள்.