கலைச்சொல் வேண்டும்: ட்ரம் மென்பொருள்

கோவை, கிட்டார் ஆசிரியர்:

நண்பர்களுக்கு வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய விரும்பும் என் கிட்டார் மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். தடம், ஒலிவாங்கி, ஒலிக்கலவை என்று பல சொற்கள் அமைந்துவிட்டன. ட்ரம்ஸ் வாசிக்க ஆளில்லாதவர்கள் தம் கிட்டாருக்குத் துணையாகக் கணினியில் ஒலிக்கவிடும் மென்பொருளுக்கு மட்டும் சொல் அகப்படவில்லை.

சென்ற ஆண்டு வகுப்பில் கொடுத்த தாளில் ‘தாள மென்பொருள்’ என்று எழுதியிருந்தேன். ஒரு மாணவன் அதை நம்பி, சுருதிப்பெட்டியும் தாளமும் சேர்ந்த செயலி ஒன்றைக் கைப்பேசியில் நிறுவி, மிருதங்கத்தில் ஒலித்த ஆதி தாளத்தின் மேல் ஒரு வாரம் முழுவதும் பவர் கார்டுகளை (ராக் கிட்டாரின் சேர்வொலிகளை) வாசித்துப் பழகி, அந்தப் பதிவை மிகுந்த நம்பிக்கையோடு என்னிடம் கொண்டு வந்தான். பிழை அவனுடையதன்று, நான் கொடுத்த சொல்லினுடையது.

ட்ரம் மென்பொருள் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேறு பொருள்கள் இருப்பது இன்னொரு சிக்கல். ஹைட்ரஜன் போன்ற இலவச மென்பொருளில் எந்த இடத்தில் எந்த அடி விழ வேண்டும் என்பதை நாமே கட்டம் கட்டமாக நிரப்புகிறோம். ஈஸிட்ரம்மர் போன்றவை, உண்மையான ட்ரம்ஸை அடி அடியாகப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, மிடி (இசைக்கருவியும் கணினியும் இசைக்குறிப்புகளைப் பரிமாறும் முறை) குறிப்பு வந்ததும் அந்த ஒலியைத் தருகின்றன. ஆயத்த வாசிப்புகளும் உடன் வரும். கராஜ்பேண்டின் ட்ரம்மரோ நாம் காட்டும் தடத்தைப் பின்தொடர்ந்து தானே வாசிக்கும். 2022 இல் வந்த ஈஸிட்ரம்மர் 3 இலும் கிட்டார்ப் பதிவைக் கேட்டு அதற்கேற்ற வாசிப்பைத் தரும் வசதி சேர்ந்துள்ளது. ட்ரம்ஸ் வாசிப்பின் அமைப்பு தெரிந்தவருக்கு முதல் வகையே போதும். அது தெரியாமல் மெட்டு மட்டும் கையில் வைத்திருப்பவர் மூன்றாவது வகையில் தொடங்குவதே நல்லது. இந்த வேறுபாட்டையும் காட்டும் சொல் கிடைத்தால் மாணவர்களின் பணமும் காலமும் மிஞ்சும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தோற்கருவிகளுக்கு நம்மிடம் உள்ள பொதுப்பெயர் முழவு. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில் அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம் என்று தொடங்கி நெடியதொரு பட்டியலைத் தந்து, அவற்றை அகமுழவு, அகப்புறமுழவு, புறமுழவு, புறப்புறமுழவு, பண்ணமைமுழவு, நாண்முழவு, காலைமுழவு என ஏழாகப் பகுக்கிறார். ஏழு வகைக்கு இடம் தந்த சொல் உங்கள் மூன்று வகைக்கு இடம் தராதா? முழவுநிரல் என்பதைப் பொதுப்பெயராகவும், கட்டமுழவு, பதிமுழவு, துணைமுழவு என்பவற்றை அதன் கிளைகளாகவும் முன்மொழிகிறேன்.

தாளம் என்பது கால அளவு, கருவியின் பெயராகாது. ‘தாள்’ என்னும் சொல்லிலிருந்து அது பிறந்ததா என்ற வழக்கை இங்கே தொடர எனக்கு ஆசை உண்டு, ஆயினும் வெள்ளிக்கிழமையை எண்ணி விடுகிறேன். ஒன்று மட்டும் சொல்வேன்: கொட்டு, அசை, தூக்கு, அளவு என்னும் நான்கும் முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை பெறும் தாளக் கூறுகள். அவற்றுள் மிகச் சிறியது கொட்டு. நீங்கள் நிரப்பும் கட்டத்தின் மிகச் சிறிய அலகுக்குக் ‘கொட்டு’ என்றே பெயரிடலாம்.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயாவின் புலமையை வணங்குகிறேன், ஆனால் முழவு இன்று ஏட்டில் மட்டும் வாழும் சொல். பறை எல்லோருக்கும் தெரிந்த சொல். ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருளுள் ஒன்றாகத் தொல்காப்பியர் பறையை வைத்திருக்கிறார். எங்கள் ஊரில் பறைதல் என்றால் இன்றும் பேசுதல்தான். குமரி மாவட்டத்திலும் அப்படியே என்று அறிவேன். செய்தியைச் சொல்லும் கருவி ஆதலால் அது பறை ஆயிற்று. சாதியின் பேரால் ஒதுக்கப்பட்ட இச்சொல் கலைச்சொல்லாகப் பாடநூலில் ஏறுவது நாம் செய்ய வேண்டிய நீதியும் ஆகும். ஆகவே, பறைநிரல்.

சென்னை, ஒலிப்பதிவுப் பொறியாளர்:

நண்பர் கூறும் நீதியை முழு மனத்துடன் ஏற்கிறேன். ஆயினும் பறைநிரல் என்று படிக்கும் மாணவன் பறையொலி தரும் மென்பொருளைத்தான் தேடுவான். பறையொலிக்கு அப்படி ஒரு மென்பொருள் வர வேண்டும், வரும்போது இந்தப் பெயர் அதற்கு உரியதாக இருக்க வேண்டும். இப்போதே இதற்குக் கொடுத்துவிட்டால் ஆதி தாளத்துக்கு நேர்ந்தது மீண்டும் நேரும்.

முழவுக்கு இருக்கும் தடை வேறு. மிடியின் பொது வரிசையில் ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எண் உண்டு: 36 கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), 38 ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் சிறிய ட்ரம்), 42 மூடிய ஹைஹாட் (இணைத்தட்டு). பெரும்பாலான ராக் வாசிப்புகளில் மிகுதியாக அடிபடுவது அந்த 42 தான், அது தோற்கருவியே அன்று. வெண்கலத் தட்டு, நம் வகைப்பாட்டில் கஞ்சக்கருவி. கருவியின் பாதியை வெளியே நிறுத்தும் சொல் எப்படிப் பொதுப்பெயர் ஆகும்? கடிசொல் இல்லைக் காலத்துப் படினே, அதாவது காலத்தோடு பொருந்தி வழங்கினால் விலக்க வேண்டிய சொல் இல்லை, என்று இலக்கணமே இடம் தருகிறது. ட்ரம் மென்பொருள் என்றே எழுதுங்கள்.

உண்மையில் தமிழ்ச்சொல் தேவைப்படும் இடம் வேறொன்று. ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு வலு என்பதை 1 முதல் 127 வரையுள்ள எண் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அதன் பெயர் வெலாசிட்டி, அதாவது வேகம். புதியவர்கள் எல்லா அடிக்கும் 100 என்றே விட்டுவிட்டு, ஸ்னேர் ஏன் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் கேட்கிறது என்று வருந்துகிறார்கள். ஹைஹாட்டில் ஓர் அடி 95, அடுத்தது 62, அதற்கடுத்தது 88 என்று மாற்றி வைத்த உடனே மனிதக் கை தெரியும். இதை ‘அடிவலு’ என்று சொல்லிக் கொடுத்தால் மாணவன் ஒருபோதும் மறக்க மாட்டான்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கஞ்சக்கருவி என்ற தடை நியாயமானது. முழவைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘கொட்டு’ தோலுக்கும் பொருந்தும், வெண்கலத்துக்கும் பொருந்தும். கை கொட்டுகிறோம், முரசு கொட்டுகிறோம், தாளமும் கொட்டுகிறோம். எனவே கொட்டுநிரல் என்பதை ஆய்ந்து பார்க்க வேண்டுகிறேன். ‘காலத்துப் படின்’ என்று நிபந்தனையோடு சொன்னதை, எடுத்த எடுப்பிலேயே அயற்சொல்லுக்குக் கதவு திறப்பதாகக் கொள்வது முறையன்று.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்:

கொட்டுதல் என்றால் முதலில் குப்பையும் தேளும் அல்லவா நினைவுக்கு வரும்? ஆயினும் முழவைவிட இது உயிருள்ள சொல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பறைநிரலைப் பறையொலிக்கென்றே ஒதுக்கி வைக்கும் யோசனை எனக்கு நிறைவு தருகிறது.

கோவை, கிட்டார் ஆசிரியர்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை வகுப்பில் விளக்கம் ஏதும் தராமல் நான்கு சொற்களையும் பலகையில் எழுதி, எது என்ன என்று கேட்டேன். ட்ரம் மென்பொருளை எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். கொட்டுநிரலை இருவர் மட்டும் ஊகித்தார்கள். அவர்களுள் ஒருத்தியின் தந்தை தவில் வாசிப்பவர்.

ஆகவே தலைப்பில் ட்ரம் மென்பொருள் என்றே போகிறது. கிளைகளுக்குக் கட்டவகை, பதிவகை, துணைவகை என்று தஞ்சாவூர் ஐயாவின் பெயர்களை முழவை மட்டும் நீக்கி எடுத்துக்கொண்டேன். கட்டத்தின் சிற்றலகு ‘கொட்டு’. வேகமும் வலுவும் குழம்பாத ‘அடிவலு’ ஐந்தாம் பக்கத்தில் படத்துடன் வருகிறது. மெய்ப்பு நாளை காலை அச்சகத்துக்குப் போகும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தவில்காரர் மகளுக்கு விளங்கிய சொல் ஒரு பாடத்துக்குப் பிறகு மற்றவர்களுக்கும் விளங்கும். முதல் பக்க அடிக்குறிப்பிலாவது ‘கொட்டுநிரல்’ ஒருமுறை இடம்பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.