குடியிருக்கும் வீட்டுக்கே வெற்று வீட்டு வரி: உங்களுக்கும் வந்ததா?

பனங்கிழங்கு:

2024 ஏப்ரலில் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் உள்ள வீட்டுக்குத் திரும்பினார்கள். அவர்கள் இல்லாத ஐந்து மாதமும் வந்த தபாலையெல்லாம் நிலக்கீழ் தளத்தில் வாடகைக்கு இருக்கும் பையன் ஒரு மளிகைக் கடைப் பையில் போட்டு வைத்திருந்தான். பயணக் களைப்போடு அப்பா அதைப் பிரித்தபோது 6,120 டொலருக்கு ஒரு கட்டணச் சீட்டு இருந்தது. சென்ற ஆண்டு உங்கள் வீடு வெறுமையாகக் கிடந்தது, அதற்கான வரி இது என்றது கடிதம். அந்தக் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்தவனே அந்த வீட்டில் குடியிருப்பவன்தான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். “நாங்கள் வீட்டில் இல்லை என்கிறார்களா, உயிரோடேயே இல்லை என்கிறார்களா?” என்று கேட்டார். 1994இல் வாங்கிய வீடு. அன்று முதல் அங்கே அடுப்பு எரியாத நாளே இல்லை.

பிழை என்னுடையது. ரொறன்ரோவில் இந்த வரி 2022ஆம் ஆண்டுக்கான கணக்கிலிருந்து வந்தது. ஓர் ஆண்டில் மொத்தம் ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆள் இல்லாத வீடுகளுக்கு, சொத்து வரிக்காகக் குறித்த மதிப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரி. 2024ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து அது 3 சதவீதமாகிவிட்டது. வீட்டில் நாமே இருந்தாலும், இருக்கிறோம் என்று ஆண்டுதோறும் பிரகடனம் செய்ய வேண்டும். பேசாமல் இருந்தால் வீடு வெற்று வீடு. முதல் ஆண்டு அப்பாவுக்காக நான்தான் இணையத்தில் நிரப்பிக் கொடுத்தேன். ஒருமுறை சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன். இரண்டாம் ஆண்டுக்கான கெடுவைப் பெப்ரவரி 29இலிருந்து மார்ச் 15 வரை நீட்டினார்கள். அப்போது அப்பா சுன்னாகத்தில் கிணறு இறைப்பித்துக்கொண்டிருந்தார்.

முறைப்பாட்டுப் படிவம், சாரதி அனுமதிப் பத்திரம், பன்னிரண்டு மாத மின்கட்டணச் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பினோம். வரி நீங்கிவிட்டது. ஆனாலும் முப்பது வருடம் வாழ்ந்த வீட்டில் வாழ்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது அப்பாவின் முகத்தில் இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அந்த வசந்தத்தில் பல்லாயிரம் பேருக்கு இப்படிச் சீட்டுப் போனதையும், நடந்தது சரியில்லை என்று மேயர் ஒலிவியா சோ ஒப்புக்கொண்டதையும், 21.24 டொலர் தாமதக் கட்டணத்தைக் கைவிட்டதையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். உங்கள் வீட்டில் என்ன நடந்தது? எழுதுங்கள்.

மார்க்கம்வாசி:

உங்கள் அப்பாவுக்கு வந்தது தவறான வரி. எனக்கு வந்தது சரியான வரி. எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் நானே சொல்கிறேன்.

மகள் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படிப்பாள் என்று நம்பி நகர நடுவில் ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கினோம். அவள் படிக்க வேறு ஊரான வாட்டர்லூவுக்குப் போய்விட்டாள். கட்டில், சோபா, திரைச்சீலை, அரிசி மூடை உட்பட எல்லாம் அங்கே இருந்தன. மாதத்தில் இரண்டு வார இறுதி நானும் மனைவியும் போய்த் தங்குவோம். ஆள் புழங்கும் வீடு எப்படி வெற்று வீடாகும் என்று நானும் வாதாடிப் பார்த்தேன். தளபாடம் கணக்கில் இல்லை. யாராவது ஒருவருக்கு அது முதன்மை வசிப்பிடமாக இருக்க வேண்டும். எங்கள் முதன்மை வசிப்பிடம் பக்கத்து நகரான மார்க்கத்தில் இருக்கிறது.

மதிப்பீடு 395,000. அதில் 3 சதவீதம் 11,850 டொலர். மதிப்பீடு இன்னும் 2016ஆம் ஆண்டு விலையில் நிற்பதால் தப்பினேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் ஏறக்குறைய 988 டொலர். அந்தக் காசுக்கு நான் குடிவைத்திருந்தது தூசியை.

ஏன் வாடகைக்கு விடவில்லை என்று கேட்பீர்கள். பயம். வாடகை தராமல் ஒருவர் இருந்துகொண்டால் வெளியேற்ற எத்தனை மாதம் இழுக்கும் என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கதை கதையாகக் கேட்டிருந்தேன். அந்தப் பயத்துக்கு 11,850 டொலர் விலை என்று தெரிந்த மாதமே தாதியியல் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். ஒழுங்காக வாடகை வருகிறது. அரிசி மூடையையும் அவர்களுக்கே விட்டுவிட்டேன்.

மூத்தவள்:

வாசித்துச் சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன். எங்கள் கதை அம்மாவின் வீடு.

கடைசிக் காலத்தில் அம்மா நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். அதற்கு விலக்கு உண்டு. பிறகு காலமானார். உரிமையாளர் இறந்தாலும் விலக்கு உண்டு, மரணச் சான்றிதழ் காட்ட வேண்டும், ஆனால் அதற்குக் கால எல்லை இருக்கிறது. விலக்கு இருக்கிற ஆண்டிலும் பிரகடனம் செய்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் “உரிமையாளர் மரணம்” என்ற பெட்டியை அழுத்துவது நான்தான். ஒரு தம்பி லண்டனில், ஒரு தம்பி மெல்பேர்னில். திறப்பு என்னிடம்.

வீட்டை விற்பது பற்றிப் பேச எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான் மாதம் ஒருமுறை போய்ச் சாமி விளக்கை ஏற்றி, தண்ணீர்க் குழாய்களைத் திறந்து மூடிவிட்டு வருவேன். அலுமாரியில் அம்மாவின் சேலைகள் அடுக்கியபடி இருந்தன. விலக்கு முடியப் போகிறது, அடுத்த ஆண்டு பதினெட்டாயிரம் டொலர் அளவில் வரி வரும் என்று நான் எழுதியதும், இரண்டு வருடம் பேசாத தம்பிமார் ஒரே இரவில் நாற்பது செய்தி அனுப்பினார்கள். யாருடைய பங்கில் கழிப்பது என்பதில்தான் அந்த நாற்பதும்.

ஒருவரையும் குறை சொல்லவில்லை, காசு அப்படித்தான். கடைசியில் மாமாவின் மகன், கல்யாணமாகிச் சிறிய இடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தவன், மனைவியோடு அங்கே குடிவந்தான். சாரதி அனுமதிப் பத்திரத்திலும் வங்கியிலும் விலாசத்தை மாற்றினான். குறைந்த வாடகை தருகிறான். நான் சேலைகளை எடுக்கப் போன அன்று குசினியில் வெங்காயம் வதங்கும் வாசம் வந்தது. காரில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் புறப்பட்டேன்.

கணக்கன்:

சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வீடு வாங்குகிறவர்கள் கவனியுங்கள். இந்த வரி கட்டப்படாவிட்டால் அந்தச் சொத்தின் மேலேயே ஏறி நிற்கும், ஆளைப் பின்தொடராது. ஜனவரிக்கும் பிரகடனக் கெடுவுக்கும் இடையில் கைமாறும் வீடு என்றால், முந்தைய ஆண்டுக்கான பிரகடனத்தை விற்பவர் செய்துவிட்டார் என்ற அத்தாட்சி கையில் வராமல் திறப்பை வாங்காதீர்கள். என் மைத்துனர் வாங்கிவிட்டார். விற்றவர் தொலைபேசி எடுப்பதில்லை. மீதியை நான் எழுதினால் குடும்பத்தில் பிரச்சினை வரும்.

ஒட்டாவாவிலும் இதேபோல ஆண்டுப் பிரகடனத்தைக் கொண்டுவந்தார்கள். கனடாவில் முதலில் தொடங்கியது வன்கூவர், 2017இல். அங்கேயும் 2021ஆம் ஆண்டுக் கணக்கில் அது 3 சதவீதமாகியது.

கீழ்வீட்டுக்காரன்:

எல்லாரும் வீட்டுக்காரர்களாக எழுதுகிறீர்கள். நான் வாடகைக்கு இருப்பவன்.

நான் இருந்த நிலக்கீழ் வீட்டுக்கு மூன்று வருடம் கைக்காசாகத்தான் வாடகை கொடுத்தேன். ஒப்பந்தம் இல்லை, ரசீது இல்லை. குறைந்த வருமானக்காரருக்கு மாகாணம் தரும் ஒன்ராறியோ டிரில்லியம் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க ரசீது வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் “பார்ப்போம் தம்பி” என்பார் வீட்டுக்காரர். மேல்வீடு பூட்டிக் கிடந்தது, அவர் மகனோடு வேறு ஊரில் இருந்தார். வரிச் சீட்டு வந்த கிழமை, ஒரு பெட்டி லட்டோடு படியிறங்கி வந்தார். அந்த வீட்டில் ஆள் இருந்ததற்கு உலகத்தில் ஒரே சாட்சி நான்.

லட்டை வாங்கிக்கொண்டேன். மூன்று வருட ரசீதையும் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். அவர் அந்த வாடகையை வருமான வரியில் எப்படிக் காட்டினார் என்று நான் கேட்கவில்லை.

பனங்கிழங்கு:

கீழ்வீட்டுக்காரன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே எங்கள் வீட்டுப் பையனுக்கு ரசீது கொடுத்தாயிற்றா என்று அம்மாவைக் கேட்டார். கொடுத்துத்தான் இருக்கிறோம்.

இப்போது அப்பா என்னை நம்புவதில்லை. சொத்து வரிச் சீட்டில் உள்ள 21 இலக்க எண்ணைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த முறை கெடு ஏப்ரல் இறுதி வரை இருந்தும், நவம்பரில் விமானம் ஏறும் முன்பே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு இலக்கமாகத் தானே தட்டி முடித்தார். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொண்டார்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு வீடு இருக்கிறது. வாங்கியவர் யார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. கோடையில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு வண்டி வந்து புல் வெட்டிவிட்டுப் போகும், ஆனால் இரவில் அங்கே ஒரு விளக்கும் எரிந்து நான் பார்த்ததில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அப்பா கார்க் கண்ணாடியை இறக்கி அதைப் பார்த்தார்.

“அவர் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்?” என்றார்.