அப்பாவுக்கு தைராய்டு டெஸ்ட்ல டிஎஸ்ஹெச் 6.4, டாக்டர் தைராய்டு மாத்திரை தரமாட்டேங்கறார், சரியா?

தூக்கம்போச்சு:
அப்பாவுக்கு 78 வயசு, எப்பவும் அசதி, மலச்சிக்கல், டிஎஸ்ஹெச் (தைராய்டு மந்தமானா ஏறற ஹார்மோன்) 6.4, ஆனா ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கற ஹார்மோன்) நார்மலாம், டாக்டர் "ரெண்டு மாசம் கழிச்சு திரும்ப பாக்கலாம்"னு அனுப்பிட்டார். ரிப்போர்ட்ல சிவப்புல போட்டிருக்கே, அதை எப்படி சும்மா விடறது?

வெட்டிப்பேச்சு:
டாக்டர் சரியாத்தான் சொல்றார். வயசாக ஆக டிஎஸ்ஹெச் கொஞ்சம் ஏறுறது சகஜம், பல லேப்ல போடற லிமிட் எல்லா வயசுக்கும் ஒண்ணேதான். 2017ல ட்ரஸ்ட்னு ஒரு ஆய்வு வந்துச்சு, டிஎஸ்ஹெச் லேசா ஏறின, 65 வயசும் அதுக்கு மேலயும் உள்ள 737 பேர், பாதிப் பேருக்கு நிஜ தைராய்டு மாத்திரை, பாதிப் பேருக்கு டம்மி, ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தா அசதில ரெண்டு குரூப்புக்கும் வித்தியாசமே இல்ல.

கறார்பேர்வழி:
ட்ரஸ்டை எல்லாத்துக்கும் இழுக்காதீங்க. அதுல சேந்தவங்கள்ல நிறைய பேருக்கு ஆரம்பத்துலயே பெரிசா தொந்தரவு கிடையாது, பத்துக்கு மேல டிஎஸ்ஹெச் இருந்தவங்களும் கொஞ்சம் பேர்தான். இங்க ஒரு மனுஷன் அசந்து கிடக்கறார், தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராம் போட்டுப் பாத்தா என்ன குடி முழுகிடும்?

வெட்டிப்பேச்சு:
அப்படித்தான் எங்கம்மாவுக்கு ஆரம்பிச்சாங்க. 25 ஆச்சு, 50 ஆச்சு, 75 ஆச்சு, நடுவுல ஒரு டெஸ்ட்கூட எடுக்கல. ஒரு நாள் ராத்திரி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு "நெஞ்சு படபடங்குதுடா"ன்னு நிக்கறாங்க, கையைப் பிடிச்சுப் பாத்தா நாடி கடகடன்னு ஓடி நடுநடுவுல ஒரு துடிப்பை முழுங்குது. ஈசிஜில ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயம் தாறுமாறா துடிக்கறது), டிஎஸ்ஹெச் 0.1, அதாவது மாத்திரை ஓவர். ஓவரானா இதயத்தோட போகாது, எலும்பும் தேயும்.

கறார்பேர்வழி:
அது மாத்திரையோட தப்பில்லையே, டெஸ்ட் எடுக்காம டோஸை ஏத்தினவங்க தப்பு. ஆரம்பிச்சு ஆறிலேர்ந்து எட்டு வாரத்துல டிஎஸ்ஹெச் பாக்கணும், அது பாலபாடம். பத்தைத் தாண்டினா நீங்களே மாத்திரை வேணும்னுதான் சொல்வீங்க.

வெட்டிப்பேச்சு:
பத்துக்கு மேல நானும் உங்க கட்சிதான் சார், அங்க சண்டையே இல்ல. ஆனா 6.4 திரும்ப எடுத்தா பல பேருக்கு தானா இறங்கிடுது, ஒரே ஒரு டெஸ்டை வெச்சு ஆயுசுக்கும் மாத்திரை ஆரம்பிச்சா அப்புறம் நிறுத்தறதுக்கு யாருக்கும் தைரியம் வராது. அசதிக்கு ஹீமோகுளோபின், வைட்டமின் பி12 பாத்தீங்களா? வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?

தூக்கம்போச்சு:
ஹீமோகுளோபின் ஓகே, பி12 பாக்கல. பிபிக்கு மெட்டோபுரோலால், போன வருஷம்தான் டோஸ் கூட்டினாங்க... இப்ப யோசிச்சா அசதியும் அப்புறம்தான் ஆரம்பிச்சுது. அதை ரெண்டு நாள் நிறுத்திப் பாக்கலாமா?

கறார்பேர்வழி:
ஐயோ வேண்டாம், அதை திடீர்னு நிறுத்தினா நாடியும் பிபியும் எகிறிடும். டாக்டர்கிட்ட சொல்லுங்க, குறைக்கணும்னா அவர் படிப்படியா குறைப்பார்.

வெட்டிப்பேச்சு:
இதுல கறார்பேர்வழி சொல்றதைக் கேளுங்க. அப்படியே பி12-ம் எழுதித் தரச் சொல்லுங்க.